செராமிக்கா, விட்ரிஃபைட்டா? டைலைக் கவிழ்த்துப் பார்த்து எடுத்த முடிவு

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டில் பூச்சு வேலை முடிந்து தரை போடும் கட்டம் வந்தபோது, டைல்ஸ் மேஸ்திரி ஒரு நாள் காலையில் மாதிரிக்கென்று வாங்கி வைத்திருந்த இரண்டு டைல்களை வாசல்படியில் கவிழ்த்துப் போட்டார். ஒன்று குளியலறைச் சுவருக்காக நான் விரும்பி எடுத்த செராமிக் டைல்; மற்றொன்று கூடத்துக்காகக் கடைக்காரர் கொடுத்தனுப்பிய இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைட் டைல். சொம்பிலிருந்து இரண்டின் முதுகிலும் ஒரு கை தண்ணீரைத் தெளித்துவிட்டு, "போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்து பாருங்கம்மா" என்றார். டீ குடிக்கும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. செங்கல் நிறத்தில் இருந்த செராமிக்கின் முதுகில் விழுந்த நீர், சித்திரை வெயிலில் காய்ந்த மண்ணில் விழுந்ததைப் போல உடனே உள்ளே இறங்கி, கருஞ்சிவப்புத் திட்டாக விரிந்தது. சாம்பல் பூத்த வெள்ளையாக இருந்த மற்றொன்றின் மேல் துளிகள் அப்படியே நின்றன. வெகுநேரம் கழித்து அவர் தோள் துண்டின் முனையால் துடைத்தெடுத்தபோது, தண்ணீர் பட்ட அடையாளமே அதில் இல்லை.

அதற்கு முந்தைய மூன்று வாரங்களும் நானும் என் கணவரும் கடை கடையாக ஏறி இறங்கி, டைல்களின் முகத்தை மட்டுமே பார்த்திருந்தோம். நிறம், பூ வேலை, பளிங்கு போன்ற கோடுகள், விளக்கொளியில் தெரியும் பளபளப்பு, சதுர அடி விலை ஆகியவைதான் எங்கள் பேச்சாக இருந்தன. செராமிக் மலிவு, ஆகவே மட்டம். விட்ரிஃபைட் விலை அதிகம், ஆகவே உயர்வு என்ற எண்ணம் கடையில் நுழைந்த முதல் நாளே எங்களுக்குள் புகுந்துவிட்டிருந்தது. அந்த எண்ணம் தவறு என்பதையும், எந்த டைல் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதுதான் என்பதையும் அந்தச் சொம்புத் தண்ணீர்தான் எனக்குக் காட்டியது. வீடு கட்டும் உறவினர்கள் இப்போதும் என்னைத் தொலைபேசியில் அழைத்து இதைக் கேட்பதால், நாங்கள் கற்றதையும் ஓரிடத்தில் பட்டதையும் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

தமிழில் நாம் இரண்டையும் பீங்கான் என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிடுகிறோம். ஆனால் வேறுபாடு நம் சமையலறைக்கு எப்போதோ தெரிந்த ஒன்றுதான். மண்பானையில் ஊற்றிய நீர் அதன் நுண்துளைகள் வழியாக வெளியே கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. ஊறுகாய் ஜாடியோ உப்பையும் எண்ணெயையும் ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டு ஒரு சொட்டுக்கூட வெளியே விடுவதில்லை. இரண்டும் மண்ணை வனைந்து நெருப்பில் சுட்டவைதாம். மண்ணின் சேர்மானமும் சூட்டின் அளவும் வேறு. அதனால் குணமும் வேறாகிவிடுகிறது. சுவருக்கு ஒட்டும் செராமிக் டைல் பானையின் உறவு. போர்சிலின் அல்லது விட்ரிஃபைட் டைல் ஜாடியின் உறவு.

செராமிக் டைலில் சாதாரணக் களிமண் பெரும்பங்கு இருக்கும். அதை அழுத்தி வார்த்து, சுமார் 1,100 பாகை செல்சியஸ் சூட்டில் சுட்டு, மேலே கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சைக் கொடுக்கிறார்கள். போர்சிலினில் வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை மிக நுண்ணிய பொடியாக அரைத்துச் சேர்த்து, இன்னும் அதிக அழுத்தத்தில் இறுக்கி, 1,200 பாகைக்கு மேல் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஃபெல்ஸ்பார் உருகித் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால், ஆறிய பிறகு டைலின் உடல் முழுவதுமே ஏறக்குறைய கண்ணாடியாகிவிடுகிறது. விட்ரிஃபைட் என்ற சொல்லின் பொருளே கண்ணாடியாக்கப்பட்டது என்பதுதான். ஆகவே போர்சிலினும் செராமிக் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் ஊர்க் கடைகளில் அதையே பெரும்பாலும் விட்ரிஃபைட் என்று சொல்லி விற்கிறார்கள்.

பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 13006, டைல்களை அவை உறிஞ்சும் நீரின் அளவை வைத்தே வகை பிரிக்கிறது. தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாதது போர்சிலின். 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சுவது சுவருக்கு மட்டுமே உரிய செராமிக். இரண்டுக்கும் நடுவில் 3, 6, 10 என்ற எல்லைக்கோடுகளோடு இடைப்பட்ட வகைகள் இருக்கின்றன. அழுத்தி வார்த்த டைல்களுக்கென்று இந்தியாவில் ஐ.எஸ். 15622 என்ற தரம் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் 'பி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ரோமன் எண்ணோடு அச்சிட்டிருக்கும் சிறிய குறியைப் பார்த்தால் டைல் எந்தப் பிரிவு என்பது தெரிந்துவிடும். ஒன்று என்ற எண்ணோடு 'ஏ' சேர்ந்து இருந்தால் அது போர்சிலின். மூன்று என்று இருந்தால் அது சுவர் டைல். கடையில் காட்சிக்கு மாட்டியிருக்கும் பலகையில் இந்தக் குறி இருக்காது என்பதால், பெட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

சதவீதமாகச் சொன்னால் மனத்தில் நிற்பதில்லை என்பதற்காக, நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12க்கு 18 அங்குலச் சுவர் டைல் ஒன்றின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது 15 சதவீதம் உறிஞ்சும் வகையாக இருந்தால், கால் லிட்டருக்கு மேல், அதாவது ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரை அந்த ஒரு டைல் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஏழு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைட் டைல் உச்ச அளவாக உறிஞ்சினாலும் இரண்டரை மேசைக்கரண்டியைத் தாண்டாது. வலிமையிலும் இதே இடைவெளிதான். வளைத்து உடைக்கும் சோதனையில் போர்சிலின் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 35 நியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது அதே தரம். சுவர் டைல் 12 முதல் 15 வரை தாங்கினால் போதும்.

இந்த எண்களை மட்டும் படித்தால், வீடு முழுவதும் விட்ரிஃபைட் போட்டுவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் அப்படித்தான் சொன்னேன். மேஸ்திரி மறுத்தார். "தண்ணி குடிக்காத டைல் பசையையும் குடிக்காதும்மா" என்று அவர் அன்று சொன்ன ஒரு வரியை நான் அப்போதே முழுமையாக வாங்கிக்கொண்டிருந்தால், பின்னால் மாடிக் குளியலறையில் நடந்தது நடந்திருக்காது. அதைக் கீழே சொல்கிறேன்.

கூடத்தில் எங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. நாற்காலி இழுபடும் இடம், கதவைத் திறந்தால் வெளிப்புழுதி நேராக வந்து விழும் இடம், விசேஷ நாளில் நாற்பது பேர் நடமாடும் இடம் என்பதால் விட்ரிஃபைட்தான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் விட்ரிஃபைட்டிலேயே எது என்பதில் நின்றுவிட்டோம். டபுள் சார்ஜ் என்று சொல்லும் வகையில், மேலே மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு நிறம் கலந்த மண்ணே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தேய்ந்தாலும் நிறம் மாறாது. ஜி.வி.டி. என்ற வகையில் விட்ரிஃபைட் உடலின் மேல் படம் அச்சிட்டு, அதன் மேல் மெருகுப் பூச்சு ஏற்றுகிறார்கள். பளிங்கு, மரம், கருங்கல் என்று எந்தத் தோற்றத்தையும் அதில் கொண்டுவர முடியும், ஆனால் பூச்சு தேய்ந்தால் படமும் போய்விடும். பூச்சுள்ள டைல்களின் தேய்மானத் தாங்கும் திறனை பி.இ.ஐ. என்ற அளவுகோலில் ஐந்து வரை குறிப்பிடுகிறார்கள். கூடத்துக்கு நான்காவது வேண்டும். படுக்கையறைக்கு மூன்று போதும்.

டபுள் சார்ஜில் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு குறை இருக்கிறது. அதன் பளபளப்பு பூச்சினால் வந்ததல்ல. கல்லைத் தீட்டுவதுபோல இயந்திரத்தில் தேய்த்து வரவழைத்தது. அப்படித் தேய்க்கும்போது உடலுக்குள் மூடிக்கிடந்த மிக நுண்ணிய குழிகள் சில திறந்துகொள்கின்றன. வெள்ளை நிற டபுள் சார்ஜில் மஞ்சள்தூள் கலந்த எண்ணெய் சிந்தி ஓர் இரவு கிடந்தால், மறுநாள் எவ்வளவு தேய்த்தாலும் ஒரு நிழல் நிற்கும். மாதிரி டைலின் ஓர் ஓரத்தில் நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, ஒரு நாள் விட்டுத் துடைத்துப் பார்த்துத்தான் சமையலறைக்கு அதை வேண்டாம் என்று தள்ளினேன். இந்தச் சோதனைக்கு ஒரு டைல் போதும், செலவு எதுவும் இல்லை. கடைக்காரர் மாதிரியைக் கொடுக்கத் தயங்கினால் ஒன்றை விலைக்கே வாங்கிச் செய்து பாருங்கள்.

சமையலறைத் தரைக்கு நாங்கள் எடுத்தது மேட் எனப்படும் பளபளப்பில்லாத பூச்சுள்ள ஜி.வி.டி. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ இருக்கும். அதைத் தூக்கி வைக்க ஆள் இல்லாத நாளில் ஓரத்தில் நிறுத்தி உருட்டித்தான் கொண்டுபோகிறோம். என் அம்மா வீட்டுச் சமையலறையில் செராமிக் தரை. சிலிண்டர் உருண்ட வழி முழுவதும் மெருகு பெயர்ந்து, செந்நிற மண் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது; அந்தப் புள்ளிகள் வழியாக இறங்கிய அழுக்குத் தண்ணீர், பெயராத மெருகுக்குக் கீழேயும் பரவிக் கறுத்திருக்கிறது. மேடைக்கு மேலே உள்ள சுவருக்கு மட்டும் செராமிக் வாங்கினோம். அங்கே தாளிப்பு தெறிக்கும், ஆவி படியும். மிதிக்கவோ உருட்டவோ யாரும் வரப்போவதில்லை. மெருகுப் பூச்சு செராமிக்கிலும் கண்ணாடிதான் என்பதால், ஒரு துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு வந்துவிடுகிறது.

இங்கே வழுக்கலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைல் தேர்வில் எங்கள் வீட்டில் அதிக நேரம் பேசப்பட்டது அதுதான். என் மாமியாருக்கு வயது 74. முழங்கால் வலி உள்ளவர்; காலையில் வாசல் தெளித்துவிட்டு ஈரக் காலோடு நேராகப் பூஜையறைக்கு வருவது அவருடைய ஐம்பது ஆண்டுப் பழக்கம். கண்ணாடிபோலப் பளபளக்கும் தரையைக் கூடத்தில் போட வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை இருந்தது. அத்தையிடம் எதுவும் சொல்லாமல், பளபளப்பான டைல் நான்கும் மேட் டைல் நான்கும் முற்றத்தில் அடுக்கி, நீர் தெளித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டின் மேலும் நடக்க வைத்தோம். பளபளப்பில் கால் வைத்ததும் அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த பிடியிலேயே விடை கிடைத்துவிட்டது. கூடம், பூஜையறை, இரண்டையும் இணைக்கும் நடை ஆகிய மூன்றுக்கும் மேட்தான் என்று அன்றே முடிவு செய்தோம்.

வழுக்கலுக்குச் செராமிக்கா போர்சிலினா என்பது காரணமே அல்ல. மேற்பரப்பு எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது என்பதே காரணம். கடைகளில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்ற குறிகளைக் காட்டுவார்கள். அது ஜெர்மானியச் சோதனை முறை ஒன்றிலிருந்து வந்தது. எண்ணெய் பூசிய சாய்தளத்தில் காலணி அணிந்த ஒருவர் எந்தச் சாய்வு வரை வழுக்காமல் நிற்கிறார் என்று அளக்கிறார்கள். 6 முதல் 10 பாகைச் சாய்வு வரை ஆர் 9. 19 வரை ஆர் 10. 27 வரை ஆர் 11. வெறுங்காலோடு, சோப்பு நீர் ஓடும் தளத்தில் நடத்தும் சோதனை வேறு; அதன் குறிகள் ஏ, பி, சி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரும் நமக்கு இந்த இரண்டாவது சோதனைதான் பொருத்தமானது. குளியலறைத் தரைக்கு 'பி' குறியுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சொரசொரப்பு மிக அதிகமானாலும் தொல்லைதான். எங்கள் பகுதி போர் தண்ணீர் கடும் உப்பு. பள்ளங்களில் உப்பு வெள்ளையாகப் படிந்தால் தேய்த்து எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

படுக்கையறைகளுக்கு அதிகம் யோசிக்கவில்லை. கூடத்துக்கு எடுத்ததே அங்கும் தொடர்ந்தது.

இனி குளியலறைச் சுவர். கீழ்த்தளத்துக் குளியலறையில் மேஸ்திரி சொன்னபடி 12க்கு 18 செராமிக் ஒட்டினோம். ஒட்டுவதற்கு முந்தைய நாள் மாலையே டைல்களை ஒரு டிரம்மில் மூழ்க வைத்தார். முதலில் குமிழிகள் சரம் சரமாக மேலே வந்தன. பிறகு குறைந்து, நின்றுவிட்டன. காய்ந்த செராமிக்கை அப்படியே சிமெண்ட் பாலில் ஒட்டினால், டைல் சிமெண்டில் உள்ள நீரை உறிஞ்சிக்கொண்டு, சிமெண்ட் இறுகுவதற்கு நீர் இல்லாமல் செய்துவிடும் என்பதால்தான் இந்த ஊறவைப்பு. ஊறி, மேல் ஈரம் வடிந்த டைலின் நுண்துளைகளுக்குள் சிமெண்ட் புகுந்து பிடித்துக்கொண்டால், அது உடைந்தாலும் உடையுமே தவிரக் கழன்று வராது. எடை குறைவு என்பதால் சுவரில் சரியாது. குழாய்க்கும் கீசருக்கும் ஓட்டை போடுவது எளிது. ஓரம் வெட்டுவதும் எளிது. பானையின் குணமான அந்த நீருறிஞ்சும் தன்மை, சுவரில் இப்படிப் பலமாகவே மாறிவிடுகிறது.

மாடிக் குளியலறையில் நான் வேறு முடிவு எடுத்தேன். இணைப்புக் கோடுகள் குறைவாக இருக்கும், துடைக்கச் சுலபம் என்று நினைத்து, நாலுக்கு இரண்டு அடி அளவுள்ள பெரிய போர்சிலின் டைல்களைச் சுவருக்கு வாங்கினேன். அப்போது எங்கள் மேஸ்திரிக்கு வேறு ஊரில் வேலை; ஒப்பந்தக்காரர் அனுப்பிய வேறு இருவர் வந்தார்கள். அவர்கள் சுவர் செராமிக்குக்குச் செய்வதையே இதற்கும் செய்தார்கள். டைலின் நடுவிலும் நான்கு மூலையிலும் சிமெண்ட் கலவையை உருண்டையாக வைத்து, சுவரில் அழுத்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் பார்த்து முடித்துவிட்டார்கள். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. ஒவ்வொரு டைலும் சுமார் 15 கிலோ.

எட்டு மாதம் கழிந்திருக்கும். வாளியை இறக்கும்போது கை முட்டி சுவரில் பட்டது. பானையைத் தட்டியதுபோல ஒரு வெற்றொலி வந்தது. நாணயத்தை எடுத்து வரிசையாகத் தட்டிப் பார்த்தேன். ஐந்து இடத்தில் மட்டும் திடமான ஒலி, மற்ற இடமெல்லாம் வெற்றொலி என்று ஒவ்வொரு டைலும் தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னது. ஆள் கிடைத்துச் சரிசெய்வதற்கு முன்பே, ஒரு நள்ளிரவில் ஷவருக்குப் பக்கத்திலிருந்த டைல் ஒன்று கழன்று விழுந்து நொறுங்கியது. அந்த நேரத்தில் உள்ளே யாரும் இல்லை. என் மகன் தினமும் நின்று குளிக்கும் இடம் அதுதான் என்பதை நினைக்கும்போது இன்னும் எனக்கு வயிறு கலங்குகிறது. விழுந்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு கழுவித் துடைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது. சிமெண்ட் உருண்டைகள் முழுவதும் சுவரிலேயே தங்கியிருந்தன. வாசல்படியில் ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் நின்றதைப்போலவே, சிமெண்டும் அந்த டைலுக்குள் இறங்கவே இல்லை.

போர்சிலினுக்கு வேண்டியது பாலிமர் கலந்த ஒட்டும் பசை. கடையில் அட்ஹெசிவ் என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அதில் டைப் 1 சாதாரணச் செராமிக்குக்குத்தான் போதும், பெரிய அளவு விட்ரிஃபைட்டைச் சுவரில் ஒட்ட அதற்கு மேற்பட்ட வகை வேண்டும். பசையைப் பல் வைத்த கரணையால் சுவரில் ஒரே திசையில் சீவிப் பரப்பி, டைலின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி ஒட்ட வேண்டும். முதுகில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். சூளையில் உருளைகளில் டைல் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகப் பூசும் பொடி அது, பசைக்கும் டைலுக்கும் நடுவில் நின்று பிடிப்பைக் கெடுக்கும். இந்தப் பசையில் ஒட்டும் போர்சிலினை ஊறவைக்கவே கூடாது. எங்கள் வேலையில் 20 கிலோ மூட்டை ஒன்று சுவரில் 40 சதுர அடிக்கு மேல் வரவில்லை. ஆகவே விலையை ஒப்பிடும்போது டைலின் சதுர அடி விலையை மட்டும் பார்க்காமல், பசை, ஓட்டை போடும் வைரப் பிட்டு, கூடுதல் கூலி ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். செராமிக்குக்கும் போர்சிலினுக்கும் கடையில் தெரியும் விலை வேறுபாடு, சுவரில் ஒட்டி முடிக்கும்போது நாங்கள் கொடுத்த கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது.

தரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டைல்களை இடைவெளியே இல்லாமல் நெருக்கி ஒட்டுவதுதான் அழகு என்று பலரும் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கூடத்தின் நடுவே இரண்டு வரிசை டைல் ஒரு நாள் பெருஞ்சத்தத்தோடு கூடாரம்போலத் தூக்கிக்கொண்டது. வெயிலில் டைல் சிறிதளவு விரிகிறது. அடியில் இருக்கும் கான்கிரீட் காலப்போக்கில் சிறிதளவு சுருங்குகிறது. சுவரோரத்திலும் இணைப்பிலும் இடமில்லை என்றால் மேலே எழும்புவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. செராமிக் உடல் ஈரத்தை வாங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பருப்பதும் உண்டு. அதன் மெருகுப் பூச்சில் தலைமுடிபோன்ற விரிசல்கள் வலைபோலப் பரவுவதற்கு அது ஒரு காரணம். போர்சிலினில் அந்தப் பருமன் மிக அற்பம். எதுவானாலும் டைல்களுக்கு நடுவே இடைவெளி விட வைக்கும் இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசரும், சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங் என்ற அடிப்பட்டை மறைத்துவிடும் அளவுக்கு ஒரு சிறு இடைவெளியும் கட்டாயம் விடச் சொல்லுங்கள். குளியலறை இணைப்புகளுக்குச் சிமெண்டுக்குப் பதிலாக எபாக்சி என்ற பிசின் கலவையை நிரப்பினோம். உப்புக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றும் பழக்கம் உள்ள வீடுகளில், அந்த ஆசிட் டைலை விட்டுவிட்டு இணைப்பில் உள்ள சிமெண்டைத்தான் முதலில் தின்னும். அந்த வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கும். அங்கே செராமிக்கின் முதுகு அதைக் குடிக்கத் தயாராக இருக்கும்.

வாகனம் நிறுத்தும் இடத்துக்கு 12 மில்லிமீட்டர் கனமுள்ள பார்க்கிங் டைல். அங்கே கனத்தைவிடவும் அடியில் வெற்றிடம் இல்லாமல் ஒட்டுவதே முக்கியம். சக்கரம் ஏறும்போது உடைவது பெரும்பாலும் வெற்றொலி வரும் டைல்தான். படிக்கட்டுக்குக் கருங்கல்லே போட்டோம். ஊட்டி, கொடைக்கானல் போல உறைபனி விழும் ஊர்களில் வீட்டு வெளிப்புறத்துக்குச் செராமிக்கை நினைக்கவே வேண்டாம். உள்ளே இறங்கிய நீர் உறைந்து பருக்கும்போது டைலைப் பிளந்துவிடும்.

வாங்கும்போது பெட்டிக் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கு இரண்டு அளவில் ஒரு பெட்டிக்கு நான்கு டைல், அதாவது சுமார் பதினைந்தரை சதுர அடி வரும். வெட்டில் வீணாவதற்குப் பத்து சதவீதம் கூடுதலாக எடுக்க வேண்டும். இந்தியாவில் ஓடும் டைல்களில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியில் தயாராகி லாரியில் வருகிறது. ஒரே பெயரும் ஒரே படமும் இருந்தாலும் வேறு வேறு நாளில் சூளையிலிருந்து இறங்கியவற்றின் நிறம் சிறிது மாறும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று லாரியில் இருந்து இறக்கும்போதே பார்க்க வேண்டும். ஒட்டிய பிறகு கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். எங்கள் சரக்கில் மூன்று பெட்டி மாறி வந்திருந்தது. அன்றே சொன்னதால் மாற்றிக்கொடுத்தார்கள்.

மாடிக் குளியலறைச் சுவரை முழுவதும் பெயர்த்துவிட்டோம். எங்கள் பழைய மேஸ்திரியே வந்தார். பெரிய டைல்களில் உடையாமல் மீண்டவற்றைச் சுத்தம் செய்து மாடித் தாழ்வாரத் தரைக்குப் பயன்படுத்திக்கொண்டார். சுவருக்கு, ஒருவேளை நான் மீண்டும் போர்சிலின் கேட்பேனோ என்று காத்திருந்தார். நான் 12க்கு 18 செராமிக்கையே கேட்டேன். முந்தைய நாள் மாலை டிரம்மில் நீர் நிரப்பி, டைல்களை ஒவ்வொன்றாக நானே இறக்கி வைத்து, குமிழி அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மிஞ்சிய ஒரு பெட்டி, பேட்ச் எண் தெரியும்படி, மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. போன ஆடியில் குழாய்க் கசிவுக்காக இரண்டு டைல்களை உடைக்க வேண்டி வந்தபோது அதிலிருந்து எடுத்துத்தான் ஒட்டினோம். சுவரிலிருந்து அந்த இரண்டும் முழுதாகக் கழன்று வரவில்லை. உளி வைத்துச் சில்லுச் சில்லாகவே பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு சில்லின் முதுகிலும் சிமெண்ட் ஒட்டிக்கொண்டே வந்தது.